மறைப்பதா, மீட்பதா? மாணவர் தலைமையும் சீருடையும் போதை ஒழிப்பும்

 

  

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் நம் ஆண்கள் பள்ளிகளில் மூன்று காரியங்கள் நடைபெறுகின்றன. மாணவர் தலைவனைத் தேர்ந்தெடுத்து அவன் சட்டையில் ஒரு வில்லையைக் குத்துகிறார்கள். சீருடை ஒழுங்கு பற்றிய அறிவிப்பைப் பலகையில் ஒட்டுகிறார்கள். ஜூன் 26, சர்வதேசப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளன்று மாணவர்களை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாங்குகிறார்கள். மூன்றும் மூன்று சடங்குகளாக முடிந்துவிடுகின்றன. உண்மையில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த ஒரே அமானிதமாகும்.

இதை நான் கிதாபில் படித்துச் சொல்லவில்லை. ஒரு மாணவன் எனக்குக் கற்பித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் அவன் பள்ளிவாசல் தூணோரம் காத்து நின்றான். பத்தாம் வகுப்பு மாணவன். சட்டையில் மாணவர் தலைவன் வில்லை. "ஹஜ்ரத், என் கூட்டாளி ஒருவன் கூல் லிப் வைத்துக்கொண்டிருந்தான். இப்போது ஏதோ மாத்திரையும் போடுகிறான். பள்ளிக்கூடத்தில் சொன்னால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காட்டிக் கொடுத்தவன் என்று என் பெயர் கெடும். முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டும் என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்? நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

"அவனுக்கு நல்ல புத்தி சொல்லப்பா, துஆச் செய்" என்று கூறி நான் எழுந்து போனேன். மூன்று வாரங்கள் கழித்து அந்தக் கூட்டாளி பள்ளிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தான். ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்து, அல்லாஹ்வின் கருணையால் பிழைத்தான். அந்த மாணவனுக்கு அன்று நான் சொல்லத் தவறிய பதிலைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டையில்லாத இமாம்

ஸஹீஹுல் புகாரியில் அம்ர் இப்னு ஸலிமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர்களுடைய கூட்டத்தார் வழிப்போக்கர்கள் கடந்து செல்லும் ஒரு நீர்நிலையருகே வசித்தனர். சிறுவரான அம்ர் (ரழி) அவ்வழியே செல்வோரிடம் கேட்டுக் கேட்டுக் குர்ஆன் வசனங்களை நெஞ்சில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அக்கூட்டத்தார் இஸ்லாத்தைத் தழுவினர். குர்ஆனை அதிகம் அறிந்தவர் தொழுகை நடத்தட்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. தேடிப் பார்த்தபோது அச்சிறுவரை விட அதிகம் அறிந்தவர் எவரும் இல்லை. அப்போது அவருக்கு வயது ஆறோ ஏழோ.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு போர்வை. ஸஜ்தாவுக்குச் சென்றால் அது மேலேறிவிடும். அதைக் கண்ட ஒரு பெண்மணி, உங்கள் இமாமின் பின்புறத்தை மறைக்கக் கூடாதா என்று பெரியவர்களைப் பார்த்துக் கேட்டார். உடனே அவர்கள் துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையைப் பெற்று மகிழ்ந்தது போல் தாம் வேறெதற்கும் மகிழ்ந்ததில்லை என்று அம்ர் (ரழி) அவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள்.

பருவமடையாதவர் இமாமத் செய்வது பற்றி மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விஷயம். நாம் இங்கே கவனிக்க வேண்டியவை வேறு. தலைமைக்கு அளவுகோல் தகுதியாக இருந்தது. ஆடையில் குறை கண்டபோது சிறுவரை யாரும் கேலி செய்யவில்லை, வரிசையை விட்டு வெளியேற்றவும் இல்லை. குறையைக் கண்ட பெண்மணி அதைப் பேசாமல் விழுங்கிவிடவுமில்லை. தீர்த்து வைக்கக்கூடியவர்களிடம் சொன்னார். அவர்களும் தண்டனையைப் பற்றிப் பேசாமல் துணி வாங்கினார்கள். ஒரு பள்ளிக்கூடம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டுமா?

தலைவன் யார்?

மத்யன் நகரில் ஒரு பெண்மணி தம் தந்தையிடம் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தப் பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டதாகத் திருமறை (28:26) கூறுகிறது: வலிமை, நம்பகத்தன்மை. எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்க முன்வந்த யூஸுஃப் (அலை) அவர்களும் தமக்குப் பாதுகாக்கும் பண்பும் அறிவும் உண்டு என்றே எடுத்துரைத்தார்கள் (12:55).

நம் பள்ளிகளில் இந்த அளவுகோல் இருக்கிறதா? முதல் மதிப்பெண் வாங்குபவன், உயரமானவன், நன்கொடை கொடுத்தவரின் மகன் என்றுதானே பல இடங்களில் தேர்வு நடக்கிறது? 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசு தன் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்னும் பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என மாணவர்களைக் குழுக்களாக்கி அவற்றுக்குத் தலைவர்களை அமர்த்தும் முறையைக் கொண்டு வந்தது. நம் முன்னோர் நிறுவிய பள்ளிகள் பலவற்றிலும் இத்தகைய முறை முன்பே இருந்தது. முறை இருந்தால் மட்டும் போதாது. அந்த மாணவன் எதற்குத் தலைவன் என்பதை அவனுக்கு விளக்க வேண்டும்.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, உங்கள் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி (புகாரி, முஸ்லிம்) நாம் அனைவரும் அறிந்ததே. மேய்ப்பவனின் வேலை ஆடுகளை எண்ணிக் கணக்கு ஒப்படைப்பதோடு முடிவதில்லை. நொண்டும் ஆட்டையும் மந்தையை விட்டு ஒதுங்கும் ஆட்டையும் முதலில் காண்பவன் அவன். வகுப்பறையில் ஆசிரியர் முன்புறம் நிற்கிறார். கடைசி வரிசையில் நடப்பதையும், இடைவேளையில் கழிப்பறைச் சுவரோரம் நடப்பதையும் சக மாணவன்தான் காண்கிறான். ஆகவே மாணவர் தலைவனின் கண் ஆசிரியர் கண்ணுக்கு எட்டாத இடத்தையும் காணும் கண்ணாகும்.

சீருடையின் உட்பொருள்

சீருடையின் முதல் நோக்கம் சமத்துவம். செல்வந்தர் மகனும் கூலித் தொழிலாளி மகனும் ஒரே நிறத்தில் அமர்வது, ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதன் பள்ளிக்கூட வடிவம். இந்தச் சமத்துவத்தைக் குலைக்கும் கயிறுகளும் வளையங்களும் மாணவர் மணிக்கட்டில் ஏறியதன் விளைவைத் தமிழகம் கண்டுள்ளது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் தம் பள்ளியைச் சேர்ந்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளியில் தடுக்கும்படி பரிந்துரைத்தது. ஒரு கயிறு எத்தனை பெரிய பகையைச் சுமந்து வருகிறது என்பதை நம் பிள்ளைகளும் உணர வேண்டும்.

சீருடையின் இரண்டாவது நோக்கம் தூய்மை. உம் ஆடைகளைத் தூய்மைப்படுத்துவீராக என்ற பொருளில் அமைந்த கட்டளை (74:4) நபித்துவத்தின் தொடக்க காலத்திலேயே அருளப்பட்டது. அதே நேரத்தில் தக்வா எனும் ஆடையே சிறந்தது (7:26) என்றும் இறைவன் நினைவூட்டுகிறான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் பையில் புகையிலைப் பொட்டலம் இருக்குமானால் அச்சட்டை தூய்மையானதா?

இங்கே மாணவர் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயம் போன சட்டையோடு வரும் தோழனை வரிசையில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள். அவனுக்கு மாற்றுச் சட்டை இல்லாதிருக்கலாம். தமிழக அரசு சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்துள்ள எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை வழங்குகிறது. ஒன்பதிலும் பத்திலும் அது நின்றுவிடுகிறது. பையன் வேகமாக வளரும் வயதும் அதுதான். அந்த இரண்டு வகுப்பு ஏழை மாணவர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்கினால், அம்ர் (ரழி) அவர்களுக்குச் சட்டை தைத்த நன்மையில் நமக்கும் பங்கு கிடைக்கலாம் அல்லவா?

அதே வேளையில், சீருடை நமக்குச் சில உண்மைகளைச் சொல்லும். ஒழுங்காக உடுத்தி வந்தவன் திடீரென்று ஆடையில் அக்கறை இழப்பது, சட்டையில் புதுவகை வாடை வீசுவது, கோடையிலும் முழுக்கையை மடிக்க மறுப்பது ஆகியவை காரணமின்றி நிகழ்வதில்லை. இவற்றைக் கண்டால் உடனே சந்தேகிக்க வேண்டியதில்லை. அருகில் சென்று அன்போடு விசாரிக்க வேண்டும்.

போதையைப் பற்றி எப்படிக் கற்பிப்பது?

அல்லாஹு தஆலா மதுவை ஒரே நாளில் தடை செய்யவில்லை. அதில் பயனை விடப் பாவம் பெரிது என்று முதலில் சிந்திக்க வைத்தான் (2:219). பிறகு போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தான் (4:43). இறுதியில் அது ஷைத்தானின் அசுத்தச் செயல் என்றும், பகையை மூட்டித் தொழுகையை விட்டுத் தடுப்பது என்றும் காரணத்தோடு முற்றாக விலக்கினான் (5:90, 91). இறைவனே காரணம் சொல்லிப் படிப்படியாகக் கற்பித்திருக்க, நாம் ஆண்டுக்கு ஒரு முறை உறுதிமொழி வாசித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணலாமா?

அத்தடை மதீனாவில் அறிவிக்கப்பட்ட நாளில் ஒரு வீட்டில் மது பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரழி) அவர்கள். அக்கூட்டத்தில் அவரே வயதில் இளையவர். அறிவிப்பைக் கேட்டதும் பெரியவர்கள் அவரிடம் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள்; அவரும் கொட்டினார். மதீனாவின் வீதிகளில் அன்று மது ஓடியது (புகாரி). பெரியவர்கள் விட்டார்கள், சிறுவர் கொட்டினார். வீட்டில் தந்தை புகைத்துக்கொண்டே மகனுக்கு உபதேசம் செய்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

நம் பிள்ளைகள் சந்திப்பவை எவை? உதட்டுக்கடியில் வைக்கும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொருள்கள், முகர்ந்து மயங்கும் பசை, கஞ்சா, மருத்துவர் சீட்டின்றித் திருட்டுத்தனமாக விற்கப்படும் வலி நிவாரணி மாத்திரைகள். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வு, முகர்ந்து மயங்கும் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் சிறுவர்கள் மட்டும் நாட்டில் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் எனக் கணித்தது. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவரிடையே கூல் லிப் பரவுவது குறித்துக் கவலை தெரிவித்தது.

"கொஞ்சம்தானே, போதையே வராதே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதிக அளவில் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத், திர்மிதி). போதையூட்டுவதோடு உடலைத் தளரச் செய்து மந்தப்படுத்துவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). மருத்துவமும் இதையே உறுதி செய்கிறது. மனித மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. வளரும் மூளை நிகோடினுக்கு எளிதில் அடிமையாகிறது. வாயில் அடக்கும் புகையிலை வாய்ப்புற்றுநோயைத் தருகிறது. பாக்கு கலந்தவை வாயின் உட்தசையை இறுக்கி, வாயைத் திறக்க முடியாமல் செய்துவிடுகின்றன.

மறைப்பதா, சொல்வதா?

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்ற நபிமொழி (முஸ்லிம்) உண்மையே. ஆனால் அதன் எல்லை எது? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதைத் தெளிவாக்குகிறார்கள். நடந்து முடிந்துபோன பாவத்தை மறைப்பதே அங்கு கூறப்படுவது. ஒருவர் தீமையில் ஈடுபட்டுக்கொண்டிருக்கும்போது கண்டால், இயன்றவர் தடுக்க வேண்டும். இயலாவிட்டால் அதிகாரம் உடையவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அதனால் அதைவிடப் பெரிய கேடு விளையாதிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தீமையை மாற்ற உதவி தேடிச் சொல்வது புறமாகாது என்றும் அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்குகிறார்கள்.

புகாரியில் வரும் கப்பல் உவமையை எண்ணிப் பாருங்கள். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தம் பகுதியில் துளையிட முனைகிறார்கள். மேல்தட்டினர் விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். துளையிடுகிறவனின் மானத்தைக் காக்க வாய் மூடி இருப்பவன் அவனுக்கே துரோகம் செய்கிறான்.

ஆகவே மாணவச் செல்வமே, கேள். முதலில் தனியே உன் தோழனிடம் பேசு. அவன் விடவில்லை எனில், அவனை நேசிக்கும் ஒரு பெரியவரிடம் போ. அவர் ஆசிரியராக இருக்கலாம், அவன் அத்தாவாக இருக்கலாம், உன் பள்ளிவாசல் இமாமாக இருக்கலாம். மற்ற மாணவர்களிடம் சொல்லாதே, அது புறம். தண்டிக்கச் சொல்லாதே, காப்பாற்றச் சொல். மாத்திரை என்றால் ஒரு நாளும் தாமதிக்காதே. இது காட்டிக் கொடுத்தல் ஆகாது; கை கொடுத்தல் ஆகும்.

பெரியவர்களின் கடமை

ஆனால் சகோதரர்களே, இமாம் நவவி (ரஹ்) அவர்களின் நிபந்தனையை மறக்காதீர்கள். சொன்னால் பெரிய கேடு வரும் என்ற அச்சத்தை நாமே உண்டாக்கி வைத்தால் எந்த மாணவன் வாய் திறப்பான்? என்னிடம் கேட்ட மாணவன் அஞ்சியதும் அதைத்தானே? மயங்கி விழுந்த பையன் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அவன் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தார்கள். அதற்குப் பின் அப்பள்ளியில் எவனும் எவனைப் பற்றியும் பேசவில்லை. போதை நின்றுவிடவில்லை, செய்திதான் நின்றுபோனது.

மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி). தண்டனை இருந்தது, விரட்டியடித்தல் இல்லை. பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பதினைந்து வயதுப் பையன் நாள் முழுவதும் யாரோடு இருப்பான்? அவனுக்கு மாத்திரை விற்றவனோடுதான்.

எனவே பள்ளி நிர்வாகிகளே, தானாக வந்து சொல்பவனுக்கும், தோழன் அழைத்து வருபவனுக்கும் முதலில் சிகிச்சை என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். நாட்டின் சட்டமே இதற்கு வழி வைத்துள்ளது. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவில், சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் சிக்கியவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற இடமளிக்கிறது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மீட்பு ஆலோசனை கிடைக்கிறது. 1098 சிறுவர் உதவி எண். இவ்விரண்டையும் பள்ளிவாசல் பலகையிலும் எழுதி வையுங்கள்.

விற்பவனுக்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள்ளும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் புகையிலை விற்பதை 2003 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சிறுவருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்கடைகளில் சில நம்மவர் கடைகளே. ஜும்ஆவுக்கு முதல் ஸஃப்பில் அமர்ந்துவிட்டு, சீருடையோடு வரும் சிறுவன் கையில் பொட்டலத்தை வைக்கும் வியாபாரியே! மதுவைக் குடிப்பவரோடு, அதை விற்பவரையும் சுமந்து செல்பவரையும் அதன் விலையை உண்பவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் (திர்மிதி). நாளை அந்தப் பொட்டலம் உம் மகன் பையில் இருக்காது என்று எவர் உறுதி தந்தார்?

பெற்றோர்களே, உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரகிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை (66:6) உங்களை நோக்கியது. வெளிநாட்டில் உழைக்கும் தந்தை தொலைபேசியில் மதிப்பெண் கேட்பதோடு நிறுத்தாமல், இன்று யாரோடு இருந்தாய் என்றும் கேட்கட்டும். சட்டையைத் துவைக்க எடுக்கும் தாய் பையில் ஏதேனும் கண்டால், ஊருக்குத் தெரியுமே என்று அஞ்சி ஒளித்து வைக்க வேண்டாம். ஒளித்த ஒவ்வொரு நாளும் பிள்ளை ஒரு படி கீழிறங்குகிறான்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவன் பிறகு என்ன செய்தான் தெரியுமா? பள்ளியிழந்த தன் கூட்டாளியை விட்டுவிடவில்லை. அவன் சிகிச்சை முடிந்து வந்ததும் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அவனை அமர்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தான். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் அவன் தேறினான். அந்த ஆண்டில் அச்சிறுவனின் சட்டையில் வில்லை எதுவும் இல்லை. அப்போதும் அவனே தலைவனாக இருந்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவையும் ஆடையையும் உடலையும் உள்ளத்தையும் தூய்மையாக்குவாயாக! அவர்களில் நம்பிக்கைக்குரிய தலைவர்களை உருவாக்குவாயாக! வழி தவறியவர்களை வெறுக்காமல் மீட்டெடுக்கும் மனத்தை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.